ஒரு சொட்டு விழாத பிப்ரவரி

கேமரன்மலை மேட்டுத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் நான்கு பேர். முருகையா அந்த நான்கு பேரில் இல்லை. ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடம் வழி கேட்டாலும், "மழைக் கிராணி வீடா? கடைசி லயம், பச்சைக் கதவு" என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பட்டம் பழகிப் பழகி நிலைத்துவிட்டது. அவரும் அதை மறுத்ததில்லை.

உண்மையில் அவருக்கு வேலை தப்பால். தினமும் தானா ராத்தா தபால் ஆபீசுக்குப் போய், தோட்டத்துக் கடிதங்களைத் தோல்பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். 1960-ல், இருபது வயதில் சேர்ந்த மறுநாளே, பெரிய கிராணி இன்னொரு வேலையையும் அவர் தலையில் கட்டினார். ஆபீசுக்குப் பின்னால் புல்தரையில் ஒரு செம்புப் புனல் பதித்திருக்கும். அதில் விழுந்த மழையைக் காலை ஏழு மணிக்குக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து, புத்தகத்தில் எழுத வேண்டும். கூடச் சம்பளம் கிடையாது. பெரிய கிராணி தொல்லை விட்டது என்று நினைத்தார். முருகையாவோ தனக்குப் பதவி கிடைத்ததாக எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தப் புனலை யாரையும் தொடவிடவில்லை. லயத்தில் அதற்கு மழைச் செம்பு என்று பெயர். காய்ச்சலில் கிடந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து அளப்பார். அங்குலக் கணக்கு போய் மில்லிமீட்டர் வந்தபோது, பழைய புத்தகம் பதினான்கையும் யாரும் கேட்காமலே மில்லிக்கு மாற்றி எழுதினார். இன்றைக்கு மழை வருமா என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "வந்த மழையக் கேளு, சொல்றேன். வரப்போற மழையச் சொல்ல நா என்னா சாமியாடியா?" என்பார்.

அவருடைய மனைவி வேலாயி கொழுந்து எடுப்பவள். அவர் அளந்த மழை எல்லாம் அவள் மேல் விழுந்த மழை. மேல்மலைக்காட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மழை. இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டு, தலையில் துண்டு, முதுகில் கூடை. பிளாஸ்டிக் சீட்டு இடுப்புக்குக் கீழேதான் காப்பாற்றும். மேலே நனைந்த ரவிக்கை உடம்பிலேயே காய்ந்து, மறுபடி நனைந்து, கொழுந்தை எடை போடும் நெறுவைக்கு நிற்கும்போது மூன்றாம் தடவை நனையும். கொழுந்து எடுக்கக் கத்தரி வந்த பிறகும் கூடை மட்டும் முதுகை விட்டுப் போகவில்லை. வீட்டில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் மூன்றாம் நாள் காயும், புகை நாற்றத்தோடு. முப்பது வருஷமாகத் தான் போட்டிருக்கிற துணியில் புகை நாறாத ஒரு நாளும் இல்லை என்று வேலாயி சொல்வாள். அது பொய்யில்லை.

இவர்கள் கதைக்குள் ஆப்பிரிக்கா வந்ததற்கு வார்ட்லா துரை காரணம். எழுபத்தொன்று வரை மேட்டுத் தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்த வெள்ளைக்காரர். கென்யாவில் கெரிச்சோ என்ற ஊரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மாறிப் போனார். போனவர் மறக்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முருகையா பேருக்கு ஒரு பட அட்டை வரும். யானை, சிங்கம், வரிக்குதிரை, ஒரு தடவை நீலக் கடல். பின்பக்கம், "எப்போது வருகிறாய்? வண்டியும் டிரைவரும் நான் தருகிறேன்" என்று எழுதியிருக்கும். முருகையா அந்த அட்டைகளை ஆபீசில் தபால் தலை வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். பதினான்கு வருஷம் கதவைத் திறக்கும்போதெல்லாம் யானையைப் பார்த்தார்.

தோட்டத்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. இருபத்தைந்து வருஷம் சேவை செய்தவருக்கும் அவர் மனைவிக்கும் மெட்ராஸ் போய்வர டிக்கெட் கொடுப்பார்கள். அப்பன் பாட்டன் கப்பலேறி வந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம், விமானம் வந்த பிறகும் தொடர்ந்தது. எண்பத்தைந்தில் முருகையாவின் முறை வந்தது. அவர் மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் ஈப்போக்காரர், சீனர், பெயர் லியோங். ஆனாலும் நாற்காலிக்கு மரியாதையாக எல்லாருக்கும் அவர் துரைதான்.

"தொரை, மெட்ராஸ்ல எனக்கு யாரும் இல்ல. அந்த டிக்கெட்ட நைரோபிக்கு மாத்திக் குடுங்க."

துரை பேனாவை வைத்தார். "நைரோபியா? அங்கே என்ன இருக்கு, முருகையா?"

"யானை இருக்கு தொரை. கடலும் இருக்கு."

துரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கோலாலம்பூர் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். கூடுதல் ஆகிறதை முருகையா போட்டுக்கொள்வதானால் சரி என்று பதில் வந்தது.

துரையைச் சமாளித்தது சுலபம். வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. வேலாயி இருபத்தைந்து வருஷமாக மெட்ராஸ் டிக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தவள். மெட்ராசில் இறங்கிப் பழனிக்குப் போவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

"சிங்கத்துக்குப் பொங்க வச்சுக் கும்பிடவா போறோம்?" என்று கேட்டாள்.

"அடியே, கேளு. மொதல்ல காடு, மிருகம் எல்லாம் பாப்போம். அப்பறம் கடற்கரைல பத்து நாளு. சும்மா காலை நீட்டி ஒக்காந்திருக்கலாம்."

"கடலத்தான் நா பாத்துருக்கேனே." சங்கத்துக்காரர்கள் ஒரு டிசம்பரில் பஸ் பிடித்து லூமுட்டுக்குக் கூட்டிப்போனார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாத மழை. கடலைப் பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றை மடியில் வைத்துத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றைக்கு வேலாயி அடுப்புக் கயிற்றில் துணியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"முப்பது வருசம் நனைஞ்சாச்சு. எனக்குச் சிங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இருவது நாளு நனையாம இருக்கணும். அத உங்களால குடுக்க முடியுமா? முடியும்னா பழனி முருகன் கிட்ட நா சொல்லிக்கறேன். அவன் கோவிச்சுக்க மாட்டான்."

முருகையா கயிற்றில் தொங்கிய துணியைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக அவளை நனைத்த மழையை எல்லாம் ஒரு சொட்டு விடாமல் எழுதி வைத்திருக்கிறாரே தவிர, ஒரு நாளாவது அவள் நனையாமல் இருக்க வழி செய்ததில்லை. "குடுக்கறேன்" என்றார். வரப்போகும் மழையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கு அது.

அன்றே திட்டம் போட ஆரம்பித்தார். பயணக் கம்பெனிக்காரன் கொடுக்கிற வண்ணப் புத்தகத்தில் முருகையாவுக்கு நம்பிக்கை இல்லை. அதில் எந்த மாசம் கேட்டாலும் வெயில் அடிக்கும். தேயிலைத் தோட்டம் உலகத்தில் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு செம்புப் புனல் இருக்கும், பக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கும், அதை எழுத ஒருவன் இருப்பான் என்பது அவருக்குத் தெரியும். கெரிச்சோத் தோட்டத்து ஆபீசுக்கு, "மழை எழுதுபவர் அவர்களுக்கு" என்று விலாசமிட்டு இங்கிலீஷில் நான்கு வரி எழுதினார். தமது பத்து வருஷத்து மாதக் கணக்கையும் மரியாதைக்காக உடன் வைத்தார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் செருயோட். அவரும் கிராணி இல்லை, ஸ்டோர்க்காரர். பத்து வருஷத்துக் கெரிச்சோ மழை, மாதம் மாதமாக, அச்சடித்தது போன்ற கையெழுத்தில். கடைசியில் ஒரு வரி: "உங்கள் நவம்பரைப் பார்த்து எனக்குக் குளிர் எடுத்தது."

முருகையா அந்தத் தாளைத் தானா ராத்தாவில் கனி பாய் கடைக்கு எடுத்துப்போனார். முகம்மது கனியின் கடை பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது. அங்கே நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீயைக் குடித்துவிட்டுத்தான் தப்பால் பை மலையேறும். தாளை மேசையில் விரித்து எல்லாருக்கும் காட்டினார். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாசமும் அங்கே மழை குறைச்சல்.

"டிசம்பர்ல போறோம் பாய். இங்க அவ தொப்பலா நனையற மாசம். அந்த மாசத்துல அவளத் தூக்கிட்டுப் போயி வெயில்ல ஒக்கார வைக்கப் போறேன்."

"ஆப்பிரிக்காவுல மழ பெய்யாதுன்னு கேமரன்மலைல ஒக்காந்து சொல்றீங்க" என்றார் கனி, டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே. "பெரிய ஆளுதான் லா நீங்க."

"நா சொல்லல பாய். புத்தகம் சொல்லுது."

டிசம்பருக்கு லீவு எழுதிக் கொடுத்தார். கொழுந்து கொட்டுகிற மாசத்தில் ஒரு பெண்ணாளை விடுவது துரைக்குக் கசந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். லயம் முழுக்கச் செய்தி பரவியது. டிக்கெட் எடுப்பது ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஆபீஸ் வேலையாகத் தாப்பாவுக்குப் போக நேர்ந்தது. பஸ் ஏறும்போது தானா ராத்தாவில் பேய்மழை. குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கித் தாப்பாவில் கால் வைத்தால், தெருவில் புழுதி பறக்கிறது. நனைந்த குடையும் நனைந்த கால்சட்டையுமாக நின்ற அவரை, வெயிலில் நின்ற ஒரு சீனக் கிழவர் மேலும் கீழும் பார்த்தார்.

இது அவருக்குப் புதுசு இல்லை. இருபத்தைந்து வருஷமாக இதே பஸ்ஸில் இதே குடையோடு இறங்கியிருக்கிறார். அன்றைக்குத்தான் உறைத்தது. கேமரன்மலை மழைப் புத்தகத்தைப் பார்த்து ஒருவன் தாப்பாவுக்குக் குடை எடுத்தால் அவனை என்னவென்று சொல்வது? அதைத்தானே நாமும் செய்திருக்கிறோம்! கெரிச்சோவும் மலை. யானை இருப்பது மலையில் இல்லை, கீழே, சாவோ என்ற காட்டுவெளியில். கடல் அதற்கும் கீழே. தேயிலைக்காரன் கண்ணுக்குத் தேயிலை மலைதான் உலகம் என்று ஆகிவிட்டது. அவர் தாப்பா பஸ் ஸ்டேஷனில் தம் நெற்றியில் தாமே ஒரு போடு போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே செருயோட்டுக்குக் கடிதம் போனது. சாவோவிலும் கடற்கரையிலும் மழை எழுதுகிறவர் யாராவது உண்டா? உண்டு. மொம்பாசாவுக்கு வடக்கே, கடலைப் பார்த்த மாதிரி, கயிற்று நாருக்காகக் கற்றாழை வளர்க்கிற தோட்டம் ஒன்று இருந்தது. செருயோட்டின் மைத்துனர் ஜுமா அங்கே ஆபீசில் வேலை. அவர் இருபது வருஷக் கணக்கை அனுப்பினார். சாவோ வனத்துறை ஆபீசிலிருந்து எட்டு வருஷக் கணக்கையும் கேட்டு வாங்கி அனுப்பினார்.

முருகையா மூன்று ஊர்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சாவோவுக்கு வருஷத்திலேயே பெரிய மழை நவம்பரும் டிசம்பரும்தான். அந்த மாசத்தில் பாதை சேறாகும், எங்கே பார்த்தாலும் தண்ணீர் கிடப்பதால் யானைகள் குட்டைக்கு வராமல் புதருக்குள் போய்விடும் என்று ஜுமா ஓரத்தில் எழுதியிருந்தார். டிசம்பரில் போயிருந்தால் வேலாயி ஆப்பிரிக்காவில் வண்டிக் கண்ணாடி வழியாகச் சேற்றைப் பார்த்திருப்பாள்.

இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார். ஏப்ரல், மே என்றால் கடற்கரையில் கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து காற்று, கடல் முரடு, கரையெல்லாம் பாசி ஒதுங்கும் என்று ஜுமா சொல்கிறார். அக்டோபர் பரவாயில்லை, ஆனால் மேட்டுத் தோட்டத்தில் அதுவும் கொழுந்து கொட்டுகிற மாசம், துரை மறுபடி முகம் சுளிப்பார். மிச்சம் இருப்பது ஜனவரி, பிப்ரவரி. வடக்குக் காற்று, கடல் குளம்போல் கிடக்கும். சாவோ காய்ந்து கிடக்கும், யானைக்குக் குட்டையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. பிப்ரவரி மேட்டுத் தோட்டத்திலும் கொழுந்து குறையும் மாசம். எட்டாம் தேதி கிளம்பி இருபத்தெட்டாம் தேதி திரும்பலாம். மார்ச் கடைசியில்தான் அங்கே பெருமழை இறங்கும்.

ஜுமாவின் இருபது பிப்ரவரியில் மூன்றில் மட்டும் ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று ஏதோ தூறல். முருகையா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

லீவை மாற்றக் கேட்டபோது துரை, "இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா?" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வார்ட்லா துரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் வா, ஆயிரம் ஆயிரமாகக் காட்டு மாடுகள் ஆற்றைக் கடக்கும், அதைப் பார்க்க உலகமே அப்போதுதான் வருகிறது என்று இரண்டு பக்கம் எழுதினார். முருகையா அதை வேலாயிக்குப் படித்துக் காட்டினார்.

"மாடு ஆத்தக் கடக்கறதப் பாக்க ஆப்பிரிக்காவுக்கா போவாங்க? நம்ம லயத்து மாடு தெனமும் கடக்குது" என்றாள் வேலாயி. "அங்க அப்ப மழ இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க."

"கெரிச்சோவுல மத்தியானம் ஆலங்கட்டியே விழும்."

"அப்ப எழுதிப் போடுங்க, நாங்க வரலேன்னு."

வாழ்க்கையில் முதல் தடவையாக முருகையா ஒரு துரைக்கு, "உங்கள் யோசனைக்கு நன்றி. பிப்ரவரியில் வருகிறோம்" என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார்.

கனி பாய் கடையில்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"டிசம்பர்னீங்க. புத்தகம் சொல்லுதுன்னீங்க. இப்பப் பிப்ரவரியா? அடுத்த மாசம் எந்தப் புத்தகம் கிராணி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். இனி ஒருத்தன் அவர் மழைக் கணக்கை நம்புவானா? முருகையாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பிப்ரவரி எட்டுலேந்து இருவத்தெட்டு வரைக்கும், எம் பொஞ்சாதி தலைல ஒரே ஒரு சொட்டு மழ விழுந்துச்சுன்னா, திரும்பி வந்ததும் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால மழச் செம்ப வேற ஆளு கைல குடுத்துடறேன். அப்பறம் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா ஏன்னு கேளுங்க."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். அங்கே சொன்ன சொல்லைத் தோட்டத்தில் யாரும் திரும்ப வாங்க முடியாது. கனி டீக்குவளையை வைத்துவிட்டு, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் லா" என்றார். அது முருகையா காதில் ஏறவில்லை.

மழைச் செம்பை இருபது நாளைக்குப் பெரிய கிராணியிடம் மனசில்லாமல் ஒப்படைத்துவிட்டு, எண்பத்தாறு பிப்ரவரி எட்டாம் தேதி கிளம்பினார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட தோள் வேலாயிக்கு அதற்குமுன் ஒரு வாரம் வலித்தது. பம்பாயில் விமானம் மாற நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. வேலாயி கண்ணாடிச் சுவர் ஓரம் போய் நின்று, "பழனி எந்தப் பக்கம்னு கேளுங்க" என்றாள். அவர் தரை துடைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டார். அந்த ஆள் பழனியைக் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் நம்பிக்கையாக ஒரு பக்கம் கை காட்டினார். வேலாயி அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, உதட்டுக்குள் ஏதோ சமாதானம் சொன்னாள்.

வார்ட்லா துரை சொன்னபடி வண்டியும் டிரைவரும் அனுப்பியிருந்தார். கெரிச்சோவில் எப்போதும் மழை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் என்று செருயோட் கணக்கு. அதனால் முருகையா முந்தின நாளே பக்கத்து ஊரில் தங்கி, காலை எட்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தார். வார்ட்லா துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே செருயோட்டைத் தேடிப் போனார். நெட்டையான, அமைதியான மனுஷர். இரண்டு பேரும் பேசியது கொஞ்சம். மழைச் செம்பைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்ததுதான் அதிகம். வேலாயி ஒரு தேயிலைச் செடியையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்திருந்தாள். ஆனால் மலைச்சரிவில் கூடையோடு நின்ற பெண்களைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. "இங்கயும் அதே பிளாஸ்டிக் சீட்டுதாங்க" என்றாள். ஒரு மணிக்கு வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மலை மேல் கருத்துக்கொண்டு வருகிறது. முருகையா மீசையைத் தடவிக்கொண்டார்.

சாவோவில் மண் சிவப்பு. அதில் புரண்டு புரண்டு யானைகளும் சிவப்பு. ஜுமா சொன்னது சரி. காய்ந்த வெளியில் ஒரே ஒரு குட்டை, அதைச் சுற்றிப் பெரிசும் சிறிசுமாக யானைக் கூட்டம். வேலாயி கொழுந்துப் பெண்களை எண்ணுவது போல விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டு. அலமாரிக் கதவில் பதினான்கு வருஷம் பார்த்த யானை எதிரே நின்று தண்ணீர் குடிப்பதை முருகையா வண்டிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சிங்கமும் பார்த்தார்கள். அது தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வேலாயி நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது தன் தலைமுடியைத்தான். "பாருங்களேன், முறுமுறுன்னு காஞ்சு கெடக்கு" என்று அவர் கையைப் பிடித்துத் தலையில் வைத்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

கடற்கரையில் ஜுமா தென்னோலை வேய்ந்த ஒரு சின்ன வீடு பிடித்துக் கொடுத்தார். வெள்ளை மணல், குளம் மாதிரி கடல். முதல் நாள் வேலாயி ஒரு சேலையைத் துவைத்து, இரண்டு தென்னைக்கு நடுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் அது காய்ந்துவிட்டது. எடுத்து முகர்ந்து பார்த்தாள். புகை இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் தினமும் துவைத்தாள். அழுக்கு இல்லாததையும் துவைத்தாள். முருகையாவின் கால்சட்டையை அவர் கழற்றிய கையோடு பிடுங்கித் துவைத்தாள். அவர் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் இருந்த சின்ன நோட்டில் தினமும் ஒரு சைபர் போட்டார். கிளம்பிய நாளிலிருந்து பதினெட்டுச் சைபர். ஒவ்வொன்றும் கனி பாய் முகத்தில் எறியப் போகிற சைபர்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் வேலாயி அலையோரம் உட்கார்ந்திருந்தாள். முருகையா வீட்டு வாசலில். காற்று திடீரென்று நின்றது. வடக்கே கடலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு மேகம். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு மழை பார்த்த கண் அது.

"வேலாயி! ஓடியா! உள்ள வா!"

அவள் திரும்பிப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. அவர் குடையைத் தேடினார். குடை கொண்டுவரவில்லை, திமிரில். துண்டை எடுத்துக்கொண்டு மணலில் விழுந்தடித்து ஓடினார். பாதி வழியில் முதல் சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. அவர் போய்ச் சேருவதற்குள் அவள் தலை, தோள், மடி எல்லாம் நனைந்துவிட்டது. நல்ல பெரிய சொட்டுகள், வெதுவெதுவென்று.

"எந்திரிடி! நனையற!"

"இருங்க" என்றாள் வேலாயி. முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "எதுக்கு ஓடணும்? நெறுவைக்கு நேரமாச்சா?"

"நா வாக்குக் குடுத்தேனே..."

"முதுகுல கூடை இல்லாம நனையறேங்க. இப்பத்தான். சின்னப் புள்ளைல இப்புடி நனைஞ்சதோட சரி." அவர் கையைப் பிடித்து இழுத்து மணலில் உட்கார வைத்தாள். "சும்மா ஒக்காருங்க."

கால் மணி நேரம் பெய்திருக்கும். ஒரு டம்ளரை எடுத்துவந்து வைத்திருந்தால் எவ்வளவு என்று சொல்லியிருப்பார். வைக்கவில்லை. எதிரே விழுந்த மழையை முருகையா அளக்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான். மேகம் போனதும் வெயில் வந்தது, அவளுடைய சேலை உடம்பிலேயே காய்ந்தது. நோட்டில் பத்தொன்பதாம் நாளுக்கு எதிரே அவர் ஒன்றும் எழுதவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாக்கு வாக்குதான். மழைச் செம்பை யார் கையில் கொடுப்பது என்று யோசித்து, ஆபீஸ் தோட்டக்காரன் மாடசாமி கொஞ்சம் பொறுப்பானவன் என்று முடிவு செய்தார். அவனுக்குக் கண்ணாடிக் குழாயை எப்படிப் பிடிக்கச் சொல்லித் தருவது என்றுகூட மனசுக்குள் பேசிப் பார்த்தார். வேலாயி விமானத்தில் நன்றாகத் தூங்கினாள்.

மார்ச் முதல் திங்கட்கிழமை, பெரட்டு. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம், சன்னமான தூறல். ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வழக்கமாக வராத கனி பாய்கூட ரொட்டி லோரியில் தொற்றிக்கொண்டு மேலே வந்து ஓரமாக நின்றார். அவர் முகத்தில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது. முருகையா மழைச் செம்பின் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"பிப்ரவரி இருவத்தாறாந் தேதி..." என்று தொண்டையைச் செருமினார்.

"ஒரு சொட்டு விழல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். வேலாயி கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டை முடிந்துகொண்டிருந்தாள்.

"இருவது நாளும் எந் தலைல ஒரு சொட்டு விழல. எந் தலையக் கேட்டா நாந்தான சொல்லணும்? அவரு என்னாத்தச் சொல்றது?"

லயமே கைதட்டியது. கனி பாய் முன்னால் வந்து முருகையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைக்கு வாங்க கிராணி, இந்த மாசம் பூராவும் டீ என்னுது" என்றார். முருகையா கண்ணாடிக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பேர் கூப்பிட்டு முடிந்து பெண்கள் மேல்மலைக்காட்டுப் பக்கம் நடந்தபோது, அவர் பின்னாலேயே போய் மெதுவாகக் கேட்டார்.

"பொய் சொல்லிட்டியேடி."

வேலாயி நிற்கவில்லை. தூறல் அவள் தலைத்துண்டை நனைக்க ஆரம்பித்திருந்தது.

"எது பொய்? முப்பது வருசமா நா நனையறது மழ. அங்க விழுந்தது மழயா?" என்றாள். "போங்க, ஏழு மணியாவுது. போயி அளங்க."

முருகையா ஆபீசுக்குப் பின்னால் போனார். செம்பில் இருந்ததைக் குழாயில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பதினொரு மில்லி. புத்தகத்தில் பதினொன்று என்று எழுதினார்.